பழைய உடம்புக்கு வைத்த காற்று

விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வரும்போது வயிறு தவிலைப் போல விறைத்திருக்கும். ஏப்பம் தொண்டை வரை வந்து நிற்கும், வெளியே வராது. மதுரையில் இரைப்பையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து வாரம் ஆகியிருந்தது. 128 கிலோ 104 ஆகியிருந்தது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம். நானோ புளியங்குடி எலுமிச்சை மண்டிக்குக் கணக்கு எழுதப் போகும் முன்பு, அரை மணி நேரம் முற்றத்தில் குனிந்தும் நிமிர்ந்தும் நடந்துகொண்டிருப்பேன்.

"எய்யா, ராத்திரி சாப்பாடு ஒத்துக்கிடல போல" என்று அம்மா ஓமத்தண்ணி கொடுத்தாள். நானும் சாப்பாட்டையே சந்தேகப்பட்டேன். பருப்பை நிறுத்தினேன், பிறகு சுண்டலை, முட்டையை. அது பெரிய தவறு. ஆப்பரேஷனுக்குப் பிறகு கொஞ்சமாகச் சாப்பிடுகிற வயிற்றுக்குப் புரதம்தான் முதல் தேவை. அதையே வெட்டியதில் தலைசுற்றலும் சோர்வும்தான் மிச்சம். வயிறு உப்புவது குறையவில்லை.

உண்மையைக் காட்டிக் கொடுத்தது ஒரு மின்தடை. ஆடிச் சாரல் காற்றில் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. தூக்கத்தில் மூச்சு அடைபடுவதற்காக மூன்று வருஷமாக மாட்டிக்கொண்டு தூங்கும், மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் சிபாப் (CPAP) மிஷினும் ஓடவில்லை. காலையில் எழுந்தால் வயிறு தட்டையாக இருந்தது. யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டால் வரும் வாயு சாப்பிட்ட பிறகுதானே தொந்தரவு செய்யும்? எனக்கோ சாயங்காலமெல்லாம் நன்றாக இருந்து, எழும்போது மட்டும் உப்பியிருந்தது. அப்படியானால் காற்று மிஷினிலிருந்துதான் வருகிறது.

காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தவன், அடுத்த காரியத்தில் சறுக்கினேன். யாரையும் கேட்காமல் மிஷினைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டேன். இளைத்துவிட்டோமே, இனி எதற்கு என்ற எண்ணம். வயிறு சுகமாக இருந்தது. மூன்றாம் நாளே மனைவி சொன்னாள்: "ஏங்க, நேத்து ராத்திரி ஒங்க மூச்சு நின்னு நின்னு வருது. நான் தூங்கவே இல்ல." நான் கேட்கவில்லை. பத்தாம் நாள் கடையநல்லூர் போகும்போது சொக்கம்பட்டிக்குப் பக்கத்தில் பைக்கிலேயே கண் சொருகிவிட்டது. எதிரே வந்த லாரியின் ஹாரன்தான் எழுப்பியது. வண்டியை ஓரமாக நிறுத்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாளே திருநெல்வேலியில் தூக்க மருத்துவரிடம் போனேன். மிஷினுக்குள் இருக்கும் சின்ன கார்டை எடுத்து வரச் சொன்னார்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு காற்று கசிந்தது, எந்த அழுத்தத்தில் இருந்தது எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அழுத்தம் 14 என்று வைத்திருந்தது. அது 128 கிலோ உடம்பின் தொண்டைக்குக் கணக்குப் பார்த்து வைத்தது.

அவர் விளக்கியது எனக்கு நன்றாகப் பதிந்தது. தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் மிஷின் காற்றைத் தள்ளுகிறது. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் வெளியிட்ட யோசனை அது. கழுத்துக் கொழுப்பு கரைந்தால் அத்தனை அழுத்தம் தேவைப்படாமல் போகலாம். மிஞ்சுகிற காற்று உணவுக்குழாய் வழியாக இறங்கிவிடும். முன்பானால் இரைப்பையின் மேல்பக்கம் பை போல விரிந்து அதைத் தாங்கும். எனக்குச் செய்த ஸ்லீவ் முறையில் அந்தப் பக்கத்தையும் சேர்த்து, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது குறுகலான குழாய். கொஞ்சம் காற்று போனாலே விறைக்கும்.

மறுபடி தூக்கப் பரிசோதனை செய்தார்கள். முன்பு மணிக்கு 46 தடவை மூச்சு அடைபட்டது, இப்போது 17. மிஷினை விடக்கூடாது என்றார், ஆனால் தேவைக்கேற்பத் தானாக ஏறி இறங்கும் முறைக்கு மாற்றி, மேல் எல்லையை 10 ஆக்கினார். மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் குறையும் வசதியையும் போட்டுவிட்டார். முகம் ஒட்டிப்போனதால் பழைய மாஸ்க் தளர்ந்து காற்று கசிந்தது, அதையும் சின்னதாக மாற்றினேன். வாய் திறக்காமல் இருக்கத் தாடைப் பட்டி. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தி, இடதுபக்கம் சாய்ந்து படுக்கிறேன். ஒரே வாரத்தில் விடியற்காலை உப்பல் ஏறக்குறைய நின்றுவிட்டது. பருப்பையும் முட்டையையும் திரும்பச் சேர்த்துக்கொண்டேன்.

சாப்பாட்டிலும் சில பழக்கங்கள் உதவின. ஸ்ட்ராவை விட்டேன். சோறு தின்னும்போது தண்ணீர் குடிப்பதில்லை, அரை மணி நேரம் கழித்துத்தான். எலுமிச்சை மண்டியிலேயே இருந்துகொண்டு சோடா சேர்த்த எலுமிச்சைச் சாறைத் தொடாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது உப்புப் போட்டு, சோடா இல்லாமல், சிறு சிறு வாயாகக் குடிக்கிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா வயிற்று உப்பலும் மிஷின் காற்று அல்ல. ஆப்பரேஷன் ஆன கொஞ்ச நாளில் காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, நிற்காத வாந்தி, தோள்வரை ஏறும் கடும் வலி என்று எது வந்தாலும் ஓமத்தண்ணியோடு காத்திருக்காமல் ஆப்பரேஷன் செய்த இடத்துக்கே ஓட வேண்டும். தையல் போட்ட இடத்தில் கசிவு இருந்தால் அப்படித்தான் காட்டும்.

வாசுதேவநல்லூரில் இருக்கும் என் பெரியப்பா மகனுக்கு அடுத்த மாதம் இதே ஆப்பரேஷன். அவனும் மிஷின் வைத்துத் தூங்குகிறவன். போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய், அவன் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துக் காலண்டரில் எழுதிவிட்டு வந்தேன்: 13. பத்துக் கிலோ குறைந்ததும் கார்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறேன்.