நோக்குறுதன்மை: மேகக்கணிமைச் செயலிகளைக் கண்காணித்தல் – திருவள்ளூர் மாவட்ட உமிழ்வுத் தரவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மேகக்கணிமையில் இயங்கும் செயலிகளின் உள்நிலையை அறியும் முறையைத் தமிழில் கற்பிப்பதற்குரிய கலைச்சொற்களையும் களச் சான்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தொழிற்சாலைப் புகைபோக்கிகளின் இணையவழித் தொடர் அளவீடு களமாகக் கொள்ளப்படுகிறது. ‘சுழியம்’ என்ற அளவும் ‘தரவின்மை’யும் ஒன்றெனக் கொள்ளப்படுவதால் நேரும் இடர் சிறப்பாக விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நோக்குறுதன்மை, கண்காணிப்பு, அளவீடு, பதிகை, தடம், தரவின்மை

முன்னுரை

மிகுந்த மாசினை உண்டாக்கும் 17 வகைத் தொழிற்சாலைகளில் இணையவழித் தொடர் அளவீட்டுக் கருவிகள் பொருத்தப்பட வேண்டுமென மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரி 5 அன்று மாநில வாரியங்களுக்கு ஆணையிட்டது. அனல்மின் நிலையங்கள் அவ்வகைகளுள் ஒன்று. திருவள்ளூர் மாவட்டத்தில் வல்லூர், வடசென்னை அனல்மின் நிலையங்கள் உள்ளன. மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் இரும்பு உருக்காலைகளுக்குப் பெயர்பெற்றது. புகைபோக்கியிற் பொருத்திய பகுப்பாய்வுக் கருவி தூசித்துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றை அளக்கிறது. அவ்வெண்கள் தரவுப் பதிவி வழியே இணையத்தில் ஏறி, தொலைவிலுள்ள வழங்கியை அடைந்து, வாரியத்தின் திரையில் தோன்றுகின்றன. ஆக, புகைபோக்கி தொடங்கித் திரை ஈறாக உள்ள இச்சங்கிலி முழுவதும் பரவலமைப்புடைய ஒரு செயலியே.

இத்துறையைக் கற்பிப்போர் பொதுவாக இணைய வணிகச் செயலியையே எடுத்துக்காட்டாகத் தருவர். அங்கே பிழை நேரின் ஒரு விற்பனை தவறும். இங்கே பிழை நேரின், அருகிலுள்ள ஊரார் எதனைச் சுவாசித்தனர் என்பதற்கான சான்றே இல்லாது போகும்.

இரு சொற்கள்

‘கண்காணிப்பு’ என்னும் சொல்லில் காண்பவரே முதன்மை பெறுகிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரை மேற்பார்த்த ‘கங்காணி’யும் இச்சொல்வழி வந்தவரே. முன்னரே வகுத்த சில வினாக்களை வெளியே நின்று ஓயாது கேட்பதே கண்காணிப்பு: வரம்பு கடந்ததா? வழங்கி இயங்குகிறதா?

‘அப்சர்வபிலிட்டி’ என்பது இதனின் வேறானது. ஓர் அமைப்பின் வெளியீடுகளைக் கொண்டே அதன் உள்நிலையைத் துணிய இயலுமா என்பதனை ருடால்ப் கால்மன் 1960இல் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டில் வரையறுத்தார். இது காண்பவரின் செயலன்று. காணப்படும் பொருளின் தன்மை. தொல்காப்பியச் செய்யுளியல் ‘நோக்கு’ என்பதனைச் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக எண்ணுகிறது. கேட்போரை மீண்டும் நோக்கச் செய்யும் ஆற்றல் செய்யுளிடத்தே அமைந்தது என்னும் கருத்து அதிலுண்டு. கால்மனின் கோட்பாட்டுக்கும் இதற்கும் உறவு கற்பிப்பது பொருந்தாது. ஆயினும் தன்மை பொருளிடத்தது என்ற அளவில் ‘நோக்குறுதன்மை’ என்ற ஆக்கம் தமிழுக்கு இயல்பாக அமைகிறது. ‘மெட்ரிக்’ என்பதற்கு ‘அளவை’ என்று சிலர் எழுதுவர். அச்சொல் காட்சி, அனுமானம் முதலிய பிரமாணங்களுக்கு உரியதாகலின் ‘அளவீடு’ என்றலே தக்கது.

சுழியமும் தரவின்மையும்

ஒரு கற்பனை நிகழ்வைக் கொள்வோம். இரவு 2 மணி முதல் ஓர் ஆலையின் தூசித்துகள் அளவு திரையில் 0 எனத் தெரிகிறது. உலை நிறுத்தப்பட்டிருக்கலாம், பகுப்பாய்வுக் கருவி பழுதுற்றிருக்கலாம், மின்தடையால் இணையத் தொடர்பு அற்று, வெற்றிடத்தை மென்பொருள் 0 என நிரப்பியிருக்கலாம். முதலாவது நற்செய்தி, ஏனையவை அறியாமை. திரையோ இவற்றை வேறுபடுத்திக் காட்டாது.

வேறுபடுத்த மூவகைச் சான்றுகள் உதவும். அளவீடு என்பது காலத்தோடு மாறும் எண். பதிகை என்பது ‘இன்ன நேரத்தில் கருவி அளவுதிருத்தத்திற்கு உட்பட்டது’ என்பது போன்ற நிகழ்வுக் குறிப்பு. தடம் என்பது ஒரு தரவு கடந்துவந்த வழி முழுவதையும் ஒரே அடையாள எண்ணால் பிணைப்பது. எக்கட்டத்தில் தாமதம் நேர்ந்தது என்பதனை அது காட்டும். கூகுள் நிறுவனம் 2010இல் வெளியிட்ட ‘டாப்பர்’ ஆய்வறிக்கை தடமுறையைப் பரவலாக்கியது. 2019இல் உருவான ஓப்பன்டெலிமெட்ரி இம்மூவகைக்கும் பொது நெறிகளை வகுத்து வருகிறது.

மாணவர் முதலிற் பழகுதற்கு ஏற்றது புரோமிதியஸ். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கப்பெற்ற இத்திறமூலக் கருவி, இலக்குகளைக் குறித்த இடைவெளியில் தானே நாடி அளவீடுகளைப் பெறுகிறது. ‘தூசித்துகள் வரம்பைக் கடந்தால் எச்சரிக்க’ என்று மாணவர் ஒரு விதி எழுதுவர். அவ்விதி பிழையற்றதாகவே தோன்றும். தரவு வராதபோது அவ்வினாவுக்கு விடை ‘பொய்’ அன்று, வெறுமை. வெறுமைக்கு எச்சரிக்கை எழாது. அதனினும் இடரானது, முன்னரே எழுந்திருந்த எச்சரிக்கையும் தரவு நின்றதும் ‘தீர்ந்தது’ எனத் தானே அடங்கிவிடும். வரம்பு மீறிய ஆலையில் இணைப்பு அறுந்தால், திரை அமைதி காட்டும்!

இதற்கு ‘ஆப்சென்ட்’ என்னும் சார்பு உண்டு. தரவுத்தொடர் இல்லாமையையே அது நிகழ்வாக்கும். இலக்கை நாடிப் பெற முடிந்ததா என்பதனை ‘அப்’ என்ற அளவீடு 1 அல்லது 0 எனச் சொல்லும். எனினும் ‘அப்’ 1 என்பதில் மயங்குதல் கூடாது. இடைநின்ற மென்பொருள் நலமாக இருந்து, கருவியிடமிருந்து கடைசியாகப் பெற்ற எண்ணையே திரும்பத் திரும்ப வழங்கக்கூடும். அவ்வழி ‘அப்’ 1 ஆகவே நிற்கும். வரைபடம் நேர்கோடாக நீளும். எரியும் உலையின் புகை மணிக்கணக்கில் சிறிதும் மாறாதிருத்தல் இயல்பன்று. ஆகவே கருவி கடைசியாக அளந்த நேரத்தையே தனி அளவீடாக வெளியிட்டு, நிகழ்நேரத்திலிருந்து அதனைக் கழித்து, வேறுபாடு மிகுமாயின் எச்சரித்தல் வேண்டும். அளந்த நேரமும் வழங்கி பெற்ற நேரமும் தனித்தனியே பேணப்படுதலும் இன்றியமையாதது. இணைப்பு மீண்டபின் தேங்கிய தரவு ஒருசேர வந்தடையும்போது, நள்ளிரவின் உமிழ்வு காலை உமிழ்வாகப் பதியாமல் காப்பது இப்பிரிவே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர்ப் பகுதிகளில் பல இடங்களில் மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதும் அந்நாள்களிலேயே. அளவீடு மிகவும் வேண்டப்படும் பொழுதே தொடர்பு அறுதற்கு வாய்ப்பு மிகுதி என்பதனை இது காட்டும். எனவே தரவுப் பதிவியில் உள்ளிடச் சேமிப்பும் தனி மின்கலமும் இருத்தல் மென்பொருள் விதிகளுக்கு முற்பட்ட தேவையாகும்.

வகுப்பறைப் பயிற்சியாக, ஒரு கணினியில் போலிப் புகைபோக்கியாக எண்களை உமிழும் சிறு நிரலை அமைத்து, அதன் அளவீடுகளை கிராபானாத் திரையில் வரையச் செய்யலாம். பின்னர் ஆசிரியர் மாணவர் அறியாதவாறு நிரலை நிறுத்துதல், ஒரே எண்ணை வழங்கச் செய்தல், வலையிணைப்பைத் துண்டித்தல் ஆகிய மூன்றனுள் ஒன்றைச் செய்ய வேண்டும். நேர்ந்தது எதுவெனத் திரையையும் பதிகைகளையும் மட்டும் கொண்டு மாணவர் எழுத்தில் நிறுவுதல் வேண்டும். நிரலைத் திறந்து பார்க்க அவர்க்கு இசைவில்லை.