போனவன் திரும்பி வர வேண்டாம்

கேள்வி: எனக்கு ஐம்பத்தொரு வயது. வீரசோழனில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்து நூலகத்துச் சரித்திர நாவல்களை ஒன்று விடாமல் படித்தவள். ஆறு வருஷத்துக்கு முன் வீட்டுக்காரர் தவறிப்போனார். அதற்குப் பிறகு ‘சிவகாமியின் சபத’த்தை மறுபடி எடுத்துப் படித்தேன். சின்ன வயதில் தேம்பி அழுத கடைசி அத்தியாயத்தில் இந்த முறை கோபம்தான் வந்தது. எங்கள் ஊர்ப் பேரிலேயே ஒரு சோழன் இருக்கிறான். அவனை வைத்து, புருஷனை இழந்த ஒருத்தி இன்னொருவனை விரும்பி வாழ்வதாக ஒரு கதை தொடங்கி நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த தங்கை மகன், “அந்தக் காலத்துல எந்தப் பொம்பளை பெரியம்மா ரெண்டாவது கட்டுனா? இதெல்லாம் சினிமா” என்கிறான். இந்தக் காய்ந்த காட்டில் சரித்திரம் எங்கே இருக்கிறது என்றும் கேட்கிறான். எழுதலாமா, விட்டுவிடலாமா?

ஒரு வாசகி, வீரசோழன்

பதில்: எழுதுங்கள் அம்மா. அந்த நாற்பது பக்கத்தை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

உங்கள் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன். சிவகாமி வாதாபியில் ஒன்பது வருஷம் காத்துக் கிடந்தாள். சபதம் நிறைவேறியது, ஊர் எரிந்தது. காஞ்சிக்குத் திரும்பினால் அவள் காத்திருந்த மாமல்லருக்குப் பாண்டிய இளவரசியோடு கல்யாணம் முடிந்து பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவளுக்கு மிச்சம் ஏகாம்பரநாதர் சந்நிதி. ‘பொன்னியின் செல்வ’னில் மணிமேகலையின் முடிவையும் நினைத்துப் பாருங்கள். நம் சரித்திர நாவல்களில் காதலும் உண்டு, இழப்பும் உண்டு. இரண்டாவது வாய்ப்பு என்று வந்தால் அது ஆணுக்குத்தான். பெண்ணுக்குக் கிடைப்பது கோயில், மடம், இல்லாவிட்டால் சாவு. இத்தனைக்கும் இந்த இரண்டையும் எழுதிய கல்கி பழமைவாதி இல்லை. விதவைக்கு மொட்டையடிக்கும் கொடுமையைத் தாங்க முடியாமல் ‘கேதாரியின் தாயார்’ எழுதியவர் அவர். சமூகக் கதையில் கேட்ட கேள்வியைச் சரித்திரக் கதைக்குள் கொண்டுவர அவருக்கும் மனம் வரவில்லை என்றே எனக்குப் படுகிறது.

அந்த இடைவெளியில்தான் உங்கள் நாவல் உட்காரப்போகிறது. ஆனால் அதற்குச் சோழன் வேண்டாம். வீரசோழன் என்பது முதலாம் பராந்தகனுக்கு இருந்த பட்டம். வீரராசேந்திரன் பேரில் ‘வீரசோழியம்’ என்ற இலக்கண நூலே இருக்கிறது. பட்டத்தின் பேர் ஒட்டிக்கொண்டதாலேயே அரண்மனையும் அந்தப்புரமும் உங்கள் கண்மாய்க் கரைக்கு வந்துவிடாது. நீங்கள் எழுதும் பத்தாம் நூற்றாண்டு, வேறொருவர் எழுதிய பத்தாம் நூற்றாண்டின் நகலாகத்தான் இருக்கும். அந்த நாற்பது பக்கத்தில் நிச்சயம் ஒரு குதிரை வருகிறது, சரிதானே?

1877-க்கு வாருங்கள். தாது வருஷத்தில் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, ஈஸ்வர வருஷத்திலும் பஞ்சம் தொடர்ந்தது. சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். கஞ்சித் தொட்டிகள் திறந்தார்கள். ஊர் ஊராகக் கும்மியில் கட்டிப் பாடும் அளவுக்கு அந்தப் பஞ்சம் மனதில் நின்றது. உங்கள் பக்கத்து ஆண்கள் கங்காணியோடு பாம்பன் வழியாகப் படகேறி இலங்கையின் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். கண்டிச் சீமை என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது காப்பிக் காலம். தேயிலைக்குப் போனவர்கள் பிற்பாடு குடும்பத்தோடு அங்கேயே தங்கியதுபோல் அல்ல. காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்புவார்கள் என்பது கணக்கு. பலர் திரும்பவில்லை. காலரா பாதையிலேயே ஆளைத் தின்றது. யார் போனார், யார் இருக்கிறார் என்று சொல்ல வீட்டுக்கு ஒரு கடுதாசிகூட வராது.

இப்போது உங்கள் தங்கை மகனின் கேள்விக்கு வருகிறேன். ‘அறுத்துக் கட்டுவது’ என்ற வார்த்தை அவனுக்குத் தெரியுமா? இந்தத் தென்சீமையில் பல சமூகங்களில் தாலி அறுத்தவள் மறுபடி தாலி கட்டிக்கொள்வது வழக்கமாகவே இருந்தது. ஒத்துவராத புருஷனைப் பஞ்சாயத்தில் வைத்துத் தீர்த்துவிடுவதும் இருந்தது. பந்தல், மேளம் என்று முதல் கல்யாணத்தின் ஆர்ப்பாட்டம் இருக்காது. மரியாதையும் ஒரு படி கீழேதான். ஆனால் நடந்தது. உங்கள் ஊரிலேயே இஸ்லாமியக் குடும்பங்கள் நிறைய. அங்கே கணவனை இழந்தவளுக்கு இத்தா நான்கு மாதம் பத்து நாள். அது கழிந்தால் மறு நிக்காஹ்வுக்கு மார்க்கத்தில் தடை இல்லை. கைம்பெண் என்றால் மூலையில்தான் கிடந்தாள் என்பது எல்லாத் தெருவின் சரித்திரமும் அல்ல. எழுதத் தெரிந்தவர்களின் வீட்டில் நடந்தது ஊர் முழுக்க நடந்ததாக நாம் நம்பிக்கொண்டோம். 1903-இல் வந்த அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’யில் ஒரு பிராமணக் கைம்பெண்ணின் மறுமணம் பெரிய புரட்சி. அதே வருஷத்தில் திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அது வெறும் செவ்வாய்க்கிழமைச் செய்தியாக இருந்திருக்கும்.

அப்படியானால் கதையில் தடை எது? தடை இல்லாமல் காதல் நாவல் ஏது என்று கேட்பீர்கள். இங்கேதான் நிலம் உள்ளே வருகிறது. 1856-இல் வந்த விதவை மறுமணச் சட்டத்தை நாம் புகழ்ந்து மட்டுமே படித்திருக்கிறோம். அதன் இரண்டாவது பிரிவைப் பாருங்கள். மறுமணம் செய்துகொண்டால், முதல் கணவன் வழியாக அவளுக்கு வந்த சொத்து, அவள் செத்துப்போனால் எப்படிப் போகுமோ அப்படி அடுத்த வாரிசுக்குப் போய்விடும். காலங்காலமாக மறுமண வழக்கம் இருந்த ஒரு சமூகத்துப் பெண்ணின் வழக்கில், 1877 வாக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் நிலம் போகும் என்றே தீர்த்தது. பிற்பாடு அலகாபாத் நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. நமக்கு வாய்த்தது சென்னை.

உங்கள் நாயகிக்கு மூன்று குறுக்கம் புஞ்சை இருக்கிறது என்று வையுங்கள். புருஷன் கண்டிக்குப் போய் நாலு வருஷம். மாத்தளைப் பாதையில் வாந்திபேதியில் போய்விட்டான் என்று சேதி வருகிறது. கொண்டுவந்தது யார்? கொழுந்தன். அவள் அறுத்துக் கட்டினால் புஞ்சை யாருக்கு? அதே கொழுந்தனுக்கு. சேதி நிஜமாகவும் இருக்கலாம், அவன் நல்லவனாகவும் இருக்கலாம். அவளால் எதையும் உறுதி செய்துகொள்ள முடியாது என்பதுதான் கதை. இன்னொரு பக்கம் அவளை விரும்புகிறவன் இருக்கிறான். அவனைக் கண்மாய் மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சியாக வைக்கலாம். மழையில்லாத ஊரில் மடை திறக்கிறவனுக்கு என்ன வேலை? இருந்தும் தினம் கரையில் ஒரு நடை போய் வருகிறான். அந்த நடை போதும் அவனைக் காட்டுவதற்கு. வாள் சண்டை வேண்டாம்.

புஞ்சை விஷயமாக மனு எழுத அவள் திருச்சுழிக்கு நடந்து போகட்டும். அந்தக் காலத்தில் அங்கே கச்சேரி இருந்தது, மனு எழுதிக் கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். ரமண மகரிஷியின் தகப்பனார் சுந்தரமய்யரே அங்கு மனு எழுதும் வேலை பார்த்து, பிறகு வக்கீலாக ஆனவர். மகன் பிறந்தது 1879 டிசம்பர் 30. அவரைக் கதையில் கொண்டுவர வேண்டாம். பேர் தெரியாத ஒரு மனு எழுத்தர் போதும். நாயகி சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். ‘என் புருஷன்’ என்று அவள் சொன்ன இடத்தில் பேனாவை நிறுத்தி, “இறந்துபோன புருஷன்னு போடவா, இருக்கிற புருஷன்னு போடவா?” என்று கேட்கிறார். நாவலின் நடுப்பக்கம் இதுதான். என்னிடம் இருந்தால் நானே எழுதிவிடுவேன், உங்களுக்குக் கொடுக்கிறேன்.

ஒரே ஒரு சபலத்தைத் தவிருங்கள். இருபதாவது அத்தியாயத்தில் முதல் புருஷனைக் கண்டியிலிருந்து திருப்பிக் கொண்டுவரக் கை துறுதுறுக்கும். பத்திரிகைத் தொடர் என்றால் ஆசிரியரே கேட்பார். கொண்டுவராதீர்கள். அவன் வந்து நின்ற நொடியில் அவளுடைய இரண்டாம் வாழ்க்கை ஒரு தவறாகிவிடும். பிறகு யாராவது ஒருவர் தியாகம் செய்ய வேண்டும். யார் செய்வார் என்று உங்களுக்கே தெரியும். இங்கிலாந்தில் ஜேன் ஆஸ்டின் ‘பெர்சுவேஷ’னில் எட்டு வருஷம் கழித்துப் பழைய காதலனையே திருப்பித் தந்தார். அந்த ஊரில் கப்பற்படை அதிகாரிகள் பதவியோடும் பணத்தோடும் திரும்பி வந்தார்கள். நம் ஊரில் திரும்பியவர்கள் குறைவு. நீங்கள் எழுத வேண்டியது வேறு ஒருவனோடு தொடங்கும் வாழ்க்கையை. அவனுக்குப் பழையவனின் சாயல் துளியும் இருக்கக் கூடாது.

சின்ன விஷயங்களில்தான் சரித்திரக் கதை குப்புற விழும். நாயகி காப்பித் தோட்டத்துக்குப் போனவன் பெண்டாட்டியாக இருந்தும் காப்பி குடிக்க மாட்டாள். கம்மங்கூழ், நீராகாரம், பனை இருந்தால் பதநீர். ரயில் 1876-இலேயே விருதுபட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ஓடியது. அருப்புக்கோட்டைக்கு வந்தது 1960-களில்தான். அப்போது ராமநாதபுரம் தனி ஜில்லா இல்லை, மதுரை ஜில்லாதான். தனியாகப் பிரிந்தது 1910-இல். தையல்காரரான உங்களுக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அநேகமாக உங்கள் நாயகிக்கு ரவிக்கையும் கிடையாது. முக்கியமானது, அவள் விறகு பொறுக்கும் காட்டில் சீமைக்கருவேலம் இருக்கக் கூடாது. நரிக்குடியிலிருந்து கமுதி வரை இன்று கண்ணுக்கு எட்டிய தூரம் நிற்கிறதே, அது இந்தக் காட்டை மூடியது இருபதாம் நூற்றாண்டில். 1877-இல் நாட்டுக்கருவேல், உடை, வேம்பு, பனை. கண்மாய்க் கரையில் நின்று அந்தப் பச்சை முழுவதையும் மனதால் வெட்டி எறிந்துவிட்டுப் பாருங்கள். எவ்வளவு தூரம் வெட்டவெளியாகத் தெரிகிறதோ அவ்வளவு தூரத்துக்கு, கண்டியிலிருந்து யாராவது வருகிறார்களா என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ராமநாதபுரத்துச் சரித்திரத்துக்கு எஸ்.எம். கமால் எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள். பழைய ஆவணத்திலிருந்து சாதாரண மனிதர்களை எப்படி எழுப்புவது என்பதற்குப் பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’. அதற்கும் முன்னால், சந்தை நாளில் கடைக்கு ஜாக்கெட் தைக்க வரும் பாட்டிமார்களை உட்காரவைத்து, அவர்களுடைய பாட்டிமார்களில் யார் அறுத்துக் கட்டினார்கள் என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள். அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டால் சொல்லிவிடுவார்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். சீமைக்கருவேலம் ஒரு வரியில் தென்பட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.