லைட் மினுக்குதா? புது பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்



குழுக்கடன் வாங்கி வண்டி எடுத்த குடும்பங்கள் நம்மில் பல. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கரையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்கு வரும் சின்ன யானை, சுற்றுலா வருகிறவர்களை ஏற்றும் கார், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகும் வேன் என்று பலவகை. ஓட்டுவது கணவரோ மகனோ, சில வீடுகளில் நாமோ. ஆனால் மாதத் தவணைக்குப் பதில் சொல்வது நாம்தான். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போச்சு.

இந்த வண்டிகளில் அடிக்கடி கேட்கிற புகார், "ராத்திரி லைட் மினுக்குது, காலையில செல்ஃப் எடுக்கல" என்பது. உடனே கிடைக்கிற பதில், "பேட்டரி போயிடுச்சு அக்கா, புதுசு போட்டுடலாம்" என்பது. சில சமயம் அது சரிதான். பல சமயம் பேட்டரி நன்றாகவே இருக்கும். பழுது வேறு இடத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதுசு போட்டால் அதுவும் சில வாரத்தில் இறங்கிவிடும். எங்கே பழுது என்று தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போவது எப்படி என்பதே இந்த மாதப் பாடம்.

கரன்ட் எங்கிருந்து வருகிறது?

நம் குழுக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி என்பது சேமிப்புப் பெட்டி. ஆல்டர்நேட்டர் (நம் ஊரில் டைனமோ என்கிறோம்) மாதாமாதம் வருகிற சந்தா. லைட், ஹாரன், ஏ.சி. எல்லாம் உள்கடன். சந்தா ஒழுங்காக வந்தால் கடன் கொடுத்தாலும் பெட்டி நிறைந்தே இருக்கும். சந்தா நின்றுபோனால் எவ்வளவு பெரிய பெட்டியும் காலியாகும்.

இன்ஜின் சுற்றும்போது பெல்ட் வழியாக டைனமோ சுற்றுகிறது. அதில் உண்டாகும் கரன்ட் லைட்டுக்கும் போகிறது, பேட்டரியையும் நிரப்புகிறது. அளவுக்கு மேல் போகாமல் தடுப்பது ரெகுலேட்டர். கரன்ட் திரும்பி வருகிற பாதை எர்த். பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து வண்டி பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற தடித்த வயர்தான் அது. நம் கரையோர வண்டிகளில் முதலில் கெடுவது பெரும்பாலும் இந்த எர்த் இணைப்புகள்தான். உப்புக்காற்றும் மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் போல்ட்டுக்கு அடியில் துருவை ஏற்றிவிடும். வெளியே பார்த்தால் வயர் இறுக்கமாகத்தான் தெரியும்.

முதலில் பாதுகாப்பு

• இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். உலோக வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். தாலிச் சங்கிலியை உள்ளே போட்டு, முந்தானையை இழுத்துச் செருகுங்கள், துப்பட்டாவை எடுத்து வைத்துவிடுங்கள். பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரு வளையல் தொட்டால் கை வெந்துபோகும்.
• பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். பக்கத்தில் தீக்குச்சி, பீடி கூடாது.
• பேட்டரித் தண்ணீரில் அமிலம் இருக்கிறது. கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.
• கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில்.
• இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி "டைனமோ வேலை செய்யுதா பார்" என்று சிலர் சோதிப்பார்கள். விடாதீர்கள். டைனமோவும் வண்டியின் கம்ப்யூட்டரும் கெட்டுப்போகும்.

மினுக்குகிற விதத்தைக் கவனியுங்கள்

1. ஒரே ஒரு லைட் மட்டும் மினுக்கினால் பேட்டரிக்கும் டைனமோவுக்கும் சம்பந்தமில்லை. அந்த பல்பு, ஹோல்டர், அதன் எர்த் வயரைப் பாருங்கள்.

2. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது எல்லா லைட்டும் மினுக்கினால் பேட்டரி முனையோ எர்த் வயரோ லூசாக இருக்கிறது.

3. வண்டி நிற்கும்போது மங்கலாகவும், ரேஸ் கொடுத்தால் பளிச்சென்றும் எரிந்தால் பெல்ட் தொய்வு அல்லது டைனமோ பலவீனம். ஏ.சி. போட்ட நொடியில் லேசாக மங்கி உடனே சரியானால் பயப்பட வேண்டாம்.

4. நேர் ரோட்டிலும் எல்லா லைட்டும் துடித்துத் துடித்து எரிந்தால் டைனமோவின் கார்பன் பிரஷ், டயோடு, ரெகுலேட்டர் இவற்றில் சந்தேகம்.

5. வெளிச்சம் அதிகமாகி, பல்பு அடிக்கடி போய், பேட்டரித் தண்ணீரும் சீக்கிரம் குறைந்தால் ரெகுலேட்டர் கரன்டை அடக்கவில்லை என்று அர்த்தம்.

டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கையும் பாருங்கள். சாவி போட்டதும் எரிய வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான்.

மீட்டர் வைத்துப் பார்ப்பது

மல்டிமீட்டர் எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குழுவுக்கு ஒன்று போதும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பு முனையை மைனஸிலும் வையுங்கள்.

• இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன்: 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி.
• ஸ்டார்ட் செய்த பிறகு: 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது.
• ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்து: 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது.
• 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும்.

சில புது வண்டிகளில் சார்ஜைக் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும். அவற்றில் அளவு ஏறி இறங்குவது இயல்பு. அந்த வண்டிகளுக்கு ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஒரு கணக்கு

ஒரு மீன் வண்டியை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் ஓடுகிறது, ஹெட்லைட் எரிகிறது. பேட்டரியில் 13.0 வோல்ட்தான் காட்டுகிறது. "டைனமோ போச்சு" என்று தோன்றும். பொறுங்கள். சுற்றுகிற பெல்ட்டில் கை, துணி படாமல், சிவப்பு முனையை டைனமோவின் தடித்த வயர் மாட்டிய போல்ட்டிலும், கறுப்பு முனையை டைனமோவின் உடம்பிலும் வைத்தால் 14.3 வருகிறது. டைனமோ நல்லாத்தான் இருக்கிறது! மீதி 1.3 வோல்ட் வழியிலேயே போகிறது.

இப்போது ஒரு முனையை டைனமோ உடம்பிலும், மறு முனையைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள். நல்ல எர்த் என்றால் 0.2-க்குள் இருக்கும். இந்த வண்டியில் 1.2 காட்டுகிறது. ஆக, திருடன் எர்த் வயர். கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து இறுக்கினால் பேட்டரியில் 14 வோல்ட்டுக்கு மேல் வந்துவிடும். புது பேட்டரியும் வேண்டாம், புது டைனமோவும் வேண்டாம். வயரே அரித்துப்போயிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

கடற்கரை வண்டிக்குத் தனிக் கவனிப்பு

மாதம் ஒரு முறை பேட்டரி முனைகளைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கலந்து பிரஷ்ஷால் தேயுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. காய்ந்ததும் இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீரோ குடிதண்ணீரோ வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் தண்ணீர் சீக்கிரம் வற்றும், அப்போது கூடுதலாகப் பாருங்கள். மீன் இறக்கியபின் வண்டியின் அடியிலும் பின் லைட் பக்கத்திலும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஐப்பசி மழைக்கு முன் எர்த் வயர் எல்லாவற்றையும் ஒருமுறை சோதியுங்கள். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பி சுற்றினால் வண்டியே எரியும்.

வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால்

முதலில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய வண்டிகளில் அதே பெல்ட்தான் ரேடியேட்டர் தண்ணீரையும் சுற்ற வைக்கிறது. பெல்ட் அறுந்திருந்தால் ஓட்டாதீர்கள். இன்ஜின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பெல்ட் நன்றாக இருந்தால், பகல் நேரத்தில் ஏ.சி., பாட்டு எல்லாம் நிறுத்தி, பக்கத்துப் பட்டறை வரை போகலாம். நடுவில் இன்ஜினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ திருக்கழுக்குன்றம் ரோட்டிலோ மங்கிய லைட்டோடு போகவே கூடாது. எதிரே நடந்து வருகிறவரும் குறுக்கே வரும் மாடும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நடை வருமானம் போனால் போகட்டும்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

"பேட்டரி மாத்தணும்" என்று சொன்னால், "சார்ஜ் எவ்வளவு ஏறுது, மீட்டர் வச்சுக் காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து, லோடு கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் பார்த்துத் தேதி போட்டு வாங்கி வையுங்கள். பழைய பேட்டரிக்கு விலை உண்டு. அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

• குழுவில் யாருக்கு வண்டி இருக்கிறதோ அதைக் கொண்டுவந்து, எல்லோரும் மீட்டரைப் பிடித்து அளவு பாருங்கள்.
• நின்றபோது, ஓடும்போது, லைட் போட்டபோது என்று மூன்று அளவையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதாமாதம் எழுதினால் பேட்டரி எப்போது தளர்கிறது என்று முன்கூட்டியே தெரியும்.
• சென்ற ஓராண்டில் பேட்டரிக்கு யார் எவ்வளவு செலவு செய்தார்கள், சார்ஜ் சோதித்த பிறகு செய்தார்களா என்று பேசுங்கள்.

சேமிப்புப் புத்தகத்தை வரி வரியாகப் பார்க்கிற நமக்கு இந்த மூன்று எண்களைப் பார்ப்பது பெரிய காரியமில்லை.