'மாஸ்' ஒன்றே போதும்: ஸ்பானிய ஒப்பீட்டில் நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஈக்வடார் நாட்டின் சிம்போராசோதான் உலகத்திலேயே உயரமான மலை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் படித்தவர்களே நம்பினார்கள். 1802-இல் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் அதில் ஏறி, உச்சியைத் தொடாமல் திரும்பியபோதும் அந்த நம்பிக்கை அப்படியே இருந்தது. பிறகு இமயத்தை அளந்தார்கள், பட்டம் பறிபோனது. சிம்போராசோவின் உயரம் 6,263 மீட்டர். அமெரிக்கக் கண்டத்துக்குள்ளேயே அர்ஜென்டினாவின் அகோன்காகுவா அதை மிஞ்சி 6,961 மீட்டர் நிற்கிறது. ஆனாலும் நிலநடுக்கோட்டருகே பூமி புடைத்திருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் மிகத் தொலைவில் இருப்பது இன்றைக்கும் சிம்போராசோவின் உச்சிதான்.

எதை எதோடு, எந்த வட்டத்துக்குள் வைத்து ஒப்பிடுகிறோம் என்று சொல்லாவிட்டால் 'மிக உயரமானது' என்பது பாதி வாக்கியம். ஸ்பானிய இலக்கணத்தின் இந்தப் பகுதி முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் இம்மொழியை ஆங்கிலவழிப் பாடநூல்களிலும் கைபேசிச் செயலிகளிலும் கற்கிறோம். தொடக்கநிலையில் ஒட்டிக்கொள்ளும் தப்பெண்ணங்கள் பலவும் நடுவில் நிற்கும் ஆங்கிலம் கொடுத்தவை. ஸ்பானியத்தின் மேல் பழி போடுவதில் நியாயம் இல்லை.

நம்பிக்கை: ஒப்பிடுவதற்கு ஒரு வடிவம், உச்சத்தைச் சொல்ல இன்னொரு வடிவம்.

ஆங்கிலம் படித்த மனம் இப்படித்தான் தேடும். ஸ்பானியத்தில் தேடினால் கிடைக்காது. 'ஆல்த்தோ' என்றால் உயரமான. 'மாஸ் ஆல்த்தோ' என்றால் இன்னும் உயரமான. மிக உயரமான என்பதற்கும் அதே 'மாஸ் ஆல்த்தோ'தான். குறைத்துச் சொல்ல வேண்டுமா, 'மாஸ்' இருந்த இடத்தில் 'மெனோஸ்' வைத்தால் முடிந்தது. (நம் சினிமா மாஸ் அல்ல இது. எழுதும்போது உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போட வேண்டும். கோட்டை விட்டுவிட்டால் 'ஆனால்' என்று பொருள்படும் பழைய ஏட்டுச் சொல்லாகிவிடும்.)

'எல் அகோன்காகுவா எஸ் மாஸ் ஆல்த்தோ கே எல் சிம்போராசோ': அகோன்காகுவா சிம்போராசோவை விட உயரம். 'எல் அகோன்காகுவா எஸ் லா மொன்த்தாஞா மாஸ் ஆல்த்தா தே அமேரிக்கா': அமெரிக்கக் கண்டத்திலேயே உயரமான மலை அகோன்காகுவா. இரண்டாவதில் பெயரடை 'ஆல்த்தா' ஆனது, 'மொன்த்தாஞா' பெண்பால் என்பதால் மட்டுமே. உச்சம் என்ற பொருளைக் கொண்டுவந்தவை முன்னால் நிற்கும் 'லா' என்ற சுட்டும், பின்னால் வரும் 'தே அமேரிக்கா' என்ற எல்லையும்.

சுட்டு வந்தாலே உச்சம்தான் என்று உடனே ஒரு விதி செய்துகொள்ளவும் வேண்டாம். 'எல் மாஸ் ஆல்த்தோ தே லோஸ் தோஸ்' என்றால் இருவரில் உயரமானவன். 'மி மெஹோர் அமீகா' என்பதில் சுட்டே இல்லை. 'என்' என்று பொருள்படும் 'மி' மட்டும்தான். ஆனால் பொருள் 'என் உற்ற தோழி'.

தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இருக்காது. 'உயரமான' என்ற சொல்லை நாமும் ஒருநாளும் வளைப்பதில்லை. 'அவனை விட உயரம்', 'எல்லாரிலும் உயரம்' என்று சுற்றியுள்ளதை மாற்றியே சொல்லி முடிக்கிறோம். சிக்கல் வேறு ஒரு கூட்டத்துக்கு: புதுச்சேரியிலும் சென்னைப் பள்ளிகளிலும் பிரெஞ்சு படித்துவிட்டு வருபவர்கள். பிரெஞ்சில் பெயர்ச்சொல்லுக்கு ஒரு சுட்டு, அதன் பின்னால் வரும் ஒப்பீட்டுக்கு இன்னொரு சுட்டு. அந்தப் பழக்கத்தில் 'லா மொன்த்தாஞா லா மாஸ் ஆல்த்தா' என்று எழுதிவிடுவார்கள். ஸ்பானியத்தில் ஒரு 'லா' போதும்.

நம்பிக்கை: 'ஈசிமோ' விகுதிதான் உச்ச வடிவம்.

இதற்குப் பாடநூல்களும் உடந்தை. தலைப்பில் 'உச்சம்' என்று போட்டு, கீழே 'ஆல்த்தீசிமோ' என்று பட்டியல் இடுகிறார்கள். மாணவர் போய் 'அமெரிக்காவின் ஆல்த்தீசிமா மலை' என்று எழுதுகிறார். அது ஓடாது. 'ஈசிமோ' யாரோடும் போட்டியிடுவதில்லை. அதற்கு எல்லையும் கிடையாது, எதிராளியும் கிடையாது. 'ஆல்த்தீசிமோ' என்றால் ரொம்ப ரொம்ப உயரம், அவ்வளவுதான். ஒரே தெருவில் பத்துப் பேர் 'ஆல்த்தீசிமோ'வாக இருக்கலாம். 'எல் மாஸ் ஆல்த்தோ' ஒருவன்தான்.

இந்த விகுதி ஸ்பானியத்தின் வீட்டுப் பிள்ளையும் அல்ல. 1492-இல் அந்தோனியோ தே நெப்ரிஹா காஸ்தீய மொழிக்கு, அதாவது ஸ்பானியத்துக்கு, முதல் இலக்கணம் எழுதி அச்சிட்டபோது, இந்த மொழியில் உச்ச வடிவங்கள் முதல், கடைசி என்ற பொருள் தரும் இரண்டே, மற்றதையெல்லாம் 'முய்' (மிக) சேர்த்துச் சுற்றி வளைத்துத்தான் சொல்கிறார்கள் என்று குறித்துவைத்தார். 'ஈசிமோ' லத்தீன் படித்தவர்கள் வழியாக வந்து, பிறகு பொதுப்பேச்சில் பரவியது. இன்றைக்குச் சாப்பாடு ருசியாக இருந்தால் 'ரிக்கீசிமோ!' என்று சமைத்தவரைப் பாராட்டாதவர்கள் குறைவு. ஆசை மிகுந்து பெயர்ச்சொல்லிலும் ஒட்டிவிட்டார்கள்: சர்வாதிகாரி ஃபிராங்கோவின் 'ஹெனெரலீசிமோ' பட்டம் அப்படிப் பிறந்தது.

லத்தீன் வாசனை சில சொற்களில் இன்னும் போகவில்லை. அன்பான என்ற 'அமாப்லே', 'அமாபிலீசிமோ' ஆகும். ஏழை என்ற 'போப்ரே'க்கு ஏட்டில் 'பவுபெர்ரிமோ', பேச்சில் 'போப்ரீசிமோ'. தொடங்குபவர் இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 'முய்' எங்கும் கைகொடுக்கும். 'முய்'யையும் 'ஈசிமோ'வையும் ஒரே சொல்லில் சேர்த்து அடுக்காமல் இருந்தால் சரி.

நம்பிக்கை: 'உலகத்திலேயே' என்றால் 'என்'.

'இல்' என்பதற்கு ஸ்பானியத்தில் 'என்' என்ற முன்னிடைச் சொல் உண்டு. ஆனால் இங்கே 'தே'தான் வரும். இந்த ஓர் இடத்தில் ஆங்கிலத்தோடு நம் பேச்சுத் தமிழும் சேர்ந்து காலை வாரும். 'உலகின் மிக உயரமான மலை' என்று செய்தித்தாள் எழுதுவதை நினைத்துக்கொண்டால் தப்பாது: 'இன்' இருக்கும் இடத்தில் 'தே'.

நம்பிக்கை: 'விட' என்றால் எப்போதும் 'கே'.

எண் வந்தால் மாறும். நூறுக்கு மேல் என்பது 'மாஸ் தே சியென்'. நூறு இங்கே போட்டியாளர் அல்ல, எல்லைக்கல். அதனால் 'தே'. ஆனால் எண்ணைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு 'தே' போடுவதும் தவறு. 'கோமே மாஸ் தே குவாத்ரோ மான்சானாஸ்' என்றால் நான்கு ஆப்பிளுக்கு மேல் தின்கிறான். 'கோமே மாஸ் கே குவாத்ரோ ஓம்ப்ரெஸ்' என்றால் நான்கு ஆண்கள் தின்பதை விட அதிகம் தின்கிறான். அங்கே அந்த நால்வரும் போட்டியில் இருக்கிறார்கள்.

எதிர்மறையில் இது இன்னும் நுணுக்கம், கடைத்தெருவில் காசு விவகாரமும்கூட. 'நோ ஆய் மாஸ் தே தியெஸ்': பத்துக்கு மேல் இல்லை, எட்டு இருக்கலாம், ஒன்பது இருக்கலாம். 'நோ ஆய் மாஸ் கே தியெஸ்': பத்துதான் இருக்கிறது. ஓரெழுத்துச் சொல் ஒன்று மாறியதில் கணக்கே மாறிவிட்டது. ஆங்கில விளக்கங்கள் இதற்கு அரைப்பக்கம் எடுத்துக்கொள்ளும். தமிழில் 'மேல் இல்லை', 'தான்' என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பாடம் முடிந்தது.

ஒப்பிடும் பொருள் முழு வாக்கியமாக வந்தாலும் 'தே' திரும்பிவரும். நான் நினைத்ததை விட அதிகம் என்பது 'மாஸ் தே லோ கே பென்சாபா'.

நம்பிக்கை: 'மாஸ் புவேனோ', 'மாஸ் கிராந்தே' என்பவை பிழை.

'நல்ல'வின் ஒப்பீடு 'மெஹோர்', 'மோசமான'வின் ஒப்பீடு 'பெயோர்' என்று கற்பிப்பது சரி. ஆனால் 'மாஸ் புவேனோ' என்று எழுதிய இடமெல்லாம் சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர், ஸ்பெயினில் ஒரு சாதுவான மனிதரைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டதில்லை. 'மாஸ் புவேனோ கே எல் பான்' என்பார்கள்: ரொட்டியை விட நல்லவர். மனத்தின் நல்ல குணத்தைச் சொல்லும்போது 'மாஸ் புவேனோ' செல்லும். தரத்தையும் திறமையையும் சொல்லும்போது 'மெஹோர்'.

இப்படி உயர்த்திச் சொல்லும் வழக்குகளில் ஸ்பானியருக்குப் பல நேரம் 'போல' போதாது. காது கேளாதவர் சுவரை விடச் செவிடு. நீண்டு இழுக்கும் எதுவும் ரொட்டி இல்லாத ஒரு நாளை விட நீளம். தேனினும் இனிய என்று பழகிய நமக்கு இந்த மிகை புதிதல்ல.

'பெரிய' என்ற 'கிராந்தே'வின் ஒப்பீடு 'மயோர்', 'சிறிய'வின் ஒப்பீடு 'மெனோர்'. இரண்டும் பெரும்பாலும் வயதுக்கும் முக்கியத்துவத்துக்கும். அக்காவுக்கு ஸ்பானியத்தில் தனிச்சொல் இல்லை. 'எர்மானா மயோர்' என்று இரண்டு சொல் வேண்டும். தங்கை 'எர்மானா மெனோர்'. மாட்ரிட்டின் 'பிளாசா மயோர்' ஊரின் தலைமைச் சதுக்கம்; எதை விடப் பெரியது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வீடு, சட்டை, பெட்டி என்று கண்ணால் பார்க்கும் அளவுக்கு 'மாஸ் கிராந்தே'தான் அன்றாடப் பேச்சு. மெக்சிகோவில் வயதில் மூத்தவரையும் 'மாஸ் கிராந்தே' என்றே சொல்வார்கள்.

நம்பிக்கை: 'நுன்கா', 'நாதியே' எதிர்மறைச் சொற்கள், ஒப்பீட்டில் அவற்றுக்கு வேலை இல்லை.

அகராதியில் 'நுன்கா'வுக்குப் பொருள் 'ஒருபோதும் இல்லை'. 'நாதியே'வுக்கு 'ஒருவரும் இல்லை'. அப்புறம் 'மாஸ் கே நுன்கா' என்றால் எப்படி 'எப்போதையும் விட அதிகம்' ஆகும் என்று குழம்புகிறார்கள். 'யாரும் வரவில்லை', 'யாரையும் விட நன்றாகப் பாடுவாள்': இரண்டிலும் நாம் ஒரே 'யாரும்' போடுகிறோமே, அதே கதைதான். முன்னதிலும் 'நாதியே', பின்னதிலும் 'நாதியே'.

சின்னச் சின்னப் பிழைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 'முய் மெஹோர்' கிடையாது, 'முச்சோ மெஹோர்' உண்டு. சமம் என்று காட்டப் பெயரடைக்கு 'தான் ... கோமோ', அது மாறாது, பெயர்ச்சொல்லுக்கு 'தான்த்தோ... கோமோ', அது பாலும் எண்ணும் பார்த்து மாறும்.

கடைசியாக, 'என்னை விட'. நம் இரண்டாம் வேற்றுமைப் பழக்கத்தில் 'கே மி' என்று வந்துவிடும். 'கே யோ' என்பதே சரி: அவள் என்னை விட நன்றாகப் பேசுகிறாள், 'ஆப்லா மெஹோர் கே யோ'. ஆனால் 'அவள் என்னை விட உன்னை அதிகம் நேசிக்கிறாள்' என்று தமிழில் சொன்னால் அது இரண்டு பக்கமும் வெட்டும். அவள் என்னை நேசிப்பதை விட உன்னை அதிகம் நேசிக்கிறாள் என்றால் 'தே கியேரே மாஸ் கே ஆ மி'. நான் உன்னை நேசிப்பதை விட அவள் உன்னை அதிகம் நேசிக்கிறாள் என்றால் 'தே கியேரே மாஸ் கே யோ'. இரண்டில் எதைச் சொல்லப்போகிறோம் என்று வாயைத் திறக்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.