எல்லை தாண்டினால் ஓய்வு

கேள்வி: ஏறத்தாழ ஐம்பது நாடுகளின் படைகள் இருபது ஆண்டுகள் இருந்தும் ஆப்கானிஸ்தானில் தாலிபானை ஒடுக்க முடியவில்லையே! கூட்டணி நாடுகளுக்கு மன உறுதி போதவில்லையா, பாகிஸ்தான்தான் காரணமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டும் ஒரே முடிச்சின் இரண்டு நுனிகள்.

ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் அனைவரையும் தாக்கியதாகும் என்ற தன் ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவை, 2001 செப்டம்பர் 12 அன்றுதான் நேட்டோ முதன்முறையாகக் கையில் எடுத்தது. வந்தார்கள், சரி. ஆனால் பல படைகள் தங்கள் நாட்டில் போட்ட நிபந்தனைகளோடு வந்தன. ஜெர்மானியர்கள் பெரும்பாலும் வடக்கில் நின்றார்கள். ஹெல்மாண்ட், கந்தஹார், உருஸ்கான் என்று தெற்கே போர் கொதித்த இடங்களில் அமெரிக்கர், பிரிட்டிஷார், கனடியர், டச்சுக்காரர் என்று சிலரே அதிகம் அடிபட்டார்கள். கனடா மட்டும் 158 வீரர்களை இழந்தது. படையை நீட்டிப்பதா என்ற சண்டையில் 2010 பிப்ரவரியில் டச்சு அரசே கவிழ்ந்தது. ஆகஸ்டில் அவர்கள் உருஸ்கானைவிட்டுக் கிளம்பினார்கள். ஒபாமாவோ, மேலும் 30,000 வீரர்களை அனுப்புவதாக அறிவித்த அதே உரையில், 2011 ஜூலையில் திரும்பத் தொடங்குவார்கள் என்றும் சொன்னார். ஊருக்குப் போகும் பஸ் நேரத்தைச் சொல்லிக்கொண்டே வாசலில் நுழையும் விருந்தாளியை யார் நம்பிக் குடும்ப வழக்கைச் சொல்வார்கள்? ஆப்கன் கிராமத்தாரும் நம்பவில்லை.

இப்போது எல்லைக்கு வருவோம். 1893இல் ஆங்கிலேயர் இழுத்த டூரண்ட் கோட்டின் நீளம் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். இரு பக்கமும் பஷ்தூன்கள். காபூலில் எந்த அரசும் அதை மனதார ஏற்றதில்லை. தாலிபான் தலைமை பாகிஸ்தானின் குவெட்டாவில் இருந்தது. அடிபட்டவர்கள் கோட்டைத் தாண்டிப் போய்த் தேறி வந்தார்கள்.

பாகிஸ்தானை நெருக்கியிருக்கலாமே என்பீர்கள். வேடிக்கை அங்கேதான். கூட்டணிக்கான சரக்கில் பெரும்பகுதி கராச்சியில் இறங்கி, கைபர், சமன் வழியாக லாரிகளில் வந்தது. 2011 நவம்பரில் சலாலா எல்லைச் சாவடியில் நேட்டோ விமானங்கள் 24 பாகிஸ்தான் வீரர்களைக் கொன்றதும், பாகிஸ்தான் ஏழு மாதம் பாதையை மூடியது. மத்திய ஆசியா வழியாகச் சுற்றி வரவேண்டியதாயிற்று, செலவோ பல மடங்கு. எதிரிக்குத் திண்ணை கொடுத்தவன் வீட்டு வழியாகத்தான் தனக்கும் அரிசி மூட்டை வரவேண்டும் என்றால், எவ்வளவு சத்தம் போட முடியும்?

ஆகவே உறுதியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதை ஒவ்வொரு தலைநகரிலும் தனித்தனியாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது; குவெட்டாவில் அந்தத் தொல்லை இல்லை. 2020 பிப்ரவரியில் தோஹாவில் ஒப்பந்தமானபோது கையெழுத்திட்டவை அமெரிக்காவும் தாலிபானும் மட்டுமே. மற்ற கூட்டணி நாடுகளின் கையெழுத்து அதில் இல்லை, காபூல் அரசின் கையெழுத்தும் இல்லை.