ஒரு டப்பா பானமும் ஒரு கிலோ எடையும்

இனிப்புக் குளிர்பானங்களை மிகுதியாகப் பருகுவோரிடம் உடல் எடையும் மிகுந்திருப்பதைப் பல கணக்கெடுப்புகள் காட்டியுள்ளன. இதை மட்டும் வைத்து, பானமே எடைக்குக் காரணம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. அவர்கள் பானத்தோடு வறுவலும் தின்றிருக்கலாம். விளையாடாமல் உட்கார்ந்தே இருந்திருக்கலாம். மற்றவற்றை அப்படியே விட்டு, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் காரணம் புலப்படும்.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் அவ்வாறே செய்து, 2012இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 5 முதல் 12 வயது வரையுள்ள 641 பிள்ளைகள்; எல்லோரும் இனிப்புப் பானம் பருகிப் பழகியவர்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தனர். நாளுக்கு 250 மில்லிலிட்டர் கொண்ட ஒரு டப்பா. ஒரு குழுவின் பானத்தில் 26 கிராம் சர்க்கரை. மற்றதில் செயற்கை இனிப்பு மட்டும். எது யாருக்கு என்பது பிள்ளைகளுக்கும் தெரியாது, எடை பார்த்தவர்களுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால், சர்க்கரை கிடைக்காத பிள்ளை மிட்டாயைத் தேடிப் போயிருக்கும்! சோதனையின் உயிரே இந்த மறைப்பில்தான் இருக்கிறது.

வளரும் பிள்ளைகள் ஆதலால் 18 மாதங்களில் இரு குழுவினருக்கும் எடை கூடியது: சர்க்கரைக் குழுவுக்குச் சராசரியாக 7.37 கிலோகிராம், மற்றதற்கு 6.35. வேறுபாடு சுமார் 1 கிலோகிராம்.

இப்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1 கிராம் சர்க்கரை 4 கிலோகலோரி தரும். 26 கிராமுக்கு 104. ஏறக்குறைய 548 நாட்களுக்குச் சுமார் 57,000. உடலில் 1 கிலோகிராம் கொழுப்புத் திசு சேர ஏறத்தாழ 7,700 கிலோகலோரி வேண்டும். வகுத்தால் 7 கிலோகிராமுக்கு மேல் வருகிறது! மீதி 6 எங்கே போயிற்று? ஆற்றல் அழிவின்மை விதி பொய்த்துவிடவில்லை. சர்க்கரை நின்ற பிள்ளைகள் தம்மை அறியாமலே மற்ற உணவால் ஒரு பகுதியை ஈடுசெய்திருக்க வேண்டும். மேலும், பெருத்த உடல் செலவிடும் ஆற்றலும் அதிகம். உடல் என்பது உண்டியல் அன்று.

ஆனாலும் ஈடு முழுமையாகவில்லையே, ஏன்? அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2000இல் வெளியிட்ட சோதனை ஒரு தடயம் தருகிறது. 15 பேர் நாளுக்கு 450 கிலோகலோரியை 4 வாரம் மிட்டாயாகத் தின்றனர். வேறொரு 4 வாரம் அதே அளவைக் குளிர்பானமாகப் பருகினர். மிட்டாய் தின்றபோது மற்ற உணவு தானே குறைந்தது. பருகியபோது குறையவில்லை, எடை ஏறியது. பதினைந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். எனினும், மென்று தின்னும் சர்க்கரையை வயிறு கணக்கில் வைப்பதுபோல், பருகும் சர்க்கரையை வைப்பதில்லை என்று எண்ண இது இடம் தருகிறது.