மிதிவண்டிக்கு ஓர் ஆற்றுப்படை

முன்னுரை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு மலைவழி காட்டும் நூலாகும். 583 அடிகளால் இதனை யாத்த பெருங்கௌசிகனார், வழியின் வனப்பைப் பாடியதோடு அமைந்தாரல்லர். பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, வழுக்கும் பாறை, புனம் காப்போர் எறியும் கவண்கல் என இடர்களையும் எடுத்துரைத்தார். சென்றவன் செல்வோனுக்கு இடரையும் மறையாது கூறுதலே ஆற்றுப்படையின் அறம். ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ என்னும் மிதிவண்டிப் பயணம் 2008-இல் தொடங்கியபின், நீலகிரியை மிதிவண்டியில் ஏற விழையும் இளைஞர் பெருகியுள்ளனர். அவர்க்கு அம்முறையிலேயே வழி கூற முற்படுகின்றோம்.

வழிகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகை செல்லும் சாலை ஏறத்தாழ 50 கி.மீ. நீளமுடையது, ஏறும் உயரமோ 1,900 மீட்டர் அளவினது. வகுத்துப் பார்ப்பின் 100 மீட்டருக்கு 4 மீட்டர் ஏற்றமே எனத் தோன்றும். இச்சராசரி நம்மை ஏமாற்றவல்லது. கல்லாறு வரை நிலம் பெரிதும் சமமானது. அதன்பின் குன்னூர் வரை இடையறாத ஏற்றம். இப்பகுதியில்தான் மலை இரயிலும் பல்சக்கரத்தின் துணையை நாடுகின்றது. எனவே தொலைவை நோக்காது, ஏற்றம் எங்குத் திரண்டுள்ளது என்பதை நோக்குதல் வேண்டும்.

மேட்டுப்பாளையம்–கோத்தகிரிச் சாலை மற்றொன்று. காரமடையிலிருந்து முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூர் ஏறும் சாலை 43 கொண்டை ஊசி வளைவுகளை உடையது, காட்டினூடே செல்வது. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையோ 36 வளைவுகளைக் கொண்ட செங்குத்தான வழி. 2018-இல் அங்கு நேர்ந்த கோர விபத்துக்குப் பின், வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. செல்வோர் நடப்பிலுள்ள விதியைக் காவல் துறையினரிடம் கேட்டறிதல் நன்று.

தேயிலைத் தோட்டங்களின் மண்பாதைகளில் ஓட்ட விழைவோர் உரியவரின் இசைவையும், காட்டுப் பாதைகளுக்கு வனத்துறையின் இசைவையும் பெறுதல் வேண்டும். யானைகள் நடமாடும் விடியலும் அந்தியும் காட்டுச் சாலைக்கு ஆகா.

ஏற்றமும் இறக்கமும்

ஏற்றத்தில் துன்பம் வெளிப்படையானது. சிறிய கியரில், மூச்சு முட்டாது பேசக்கூடிய வேகத்தில் மிதிப்பவர் சென்று சேர்வர். தளர்ந்தவர் இறங்கித் தள்ளிச் செல்வதில் இழுக்கில்லை.

இறக்கத்தின் இடரோ மறைந்திருப்பது. வண்டியும் ஆளுமாக 80 கிலோ எடையெனக் கொள்வோம். 1,900 மீட்டர் ஏறுகையில் சேரும் ஆற்றல் ஏறத்தாழ 15 இலட்சம் ஜூல். 4½ லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இறங்குகையில் அதில் ஒரு பகுதியைக் காற்று ஏற்கும். எஞ்சியதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறும். ரிம்மைப் பற்றும் பிரேக்கை விடாது அழுத்தினால் ரிம் சூடேறி டியூப் வெடித்தலும் கூடும். ஆதலின் வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, வளைவில் விடுத்து, இடையிடையே நின்று ஆறவிடுதல் முறை.

உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் குளிர் ஏறத்தாழ 6 பாகை மிகும். வியர்வையில் நனைந்தவர் அப்படியே இறங்கின் விரல்கள் மரத்துப் பிரேக்கைப் பற்ற இயலாது போகும். உலர்ந்த மேலாடையும் கையுறையும் அதனால் இன்றியமையாதவை.

முடிவுரை

மலைக்குச் செல்வோர் ஏறும் வலிமையையே பயில்கின்றனர். இறங்கும் நிதானத்தைப் பயில்வோர் சிலரே. வீட்டிற்கு மீளச் செய்வது பின்னதே ஆகும். முன்னே சென்று மீண்டோர், தாம் கண்ட அருவியோடு தாம் கண்ட பள்ளத்தையும் பின்வருவோர்க்குச் சொல்லுதல் கடன். இறைவன் படைத்த மலையின் மாட்சியை இளைஞர் கண்டு நலமே திரும்புக.